ஹூவர் அணையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தண்ணீரின் பின்னால் ஒரு நடை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்த் தங்கும் தமிழ்ப் பெற்றோரின் பயணத் திட்டத்தில் லாஸ் வேகாஸ் இருந்தால், அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹூவர் அணையும் பெரும்பாலும் இருக்கும். நெவாடா, அரிசோனா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில், பிளாக் கேன்யன் என்னும் குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில், கொலராடோ ஆற்றை மறித்து நிற்கும் அந்தச் சுவரின் உயரம் 726 அடி. வருகிறவர்கள் அதன் உச்சியில் நடந்து, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். சுவரின் பிரம்மாண்டம் மனத்தில் பதிந்துவிடுகிறது. மின்சாரம் அங்கே எந்த இடத்தில், எப்படி உண்டாகிறது என்பது மட்டும் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஏரியில் நிற்கும் தண்ணீர் எங்கே உள்ளே நுழைகிறது, எதன் வழியாக இறங்குகிறது, எதைச் சுழற்றிவிட்டு எங்கே வெளியேறுகிறது என்று அதன் பின்னாலேயே போனால், அணையில் கண்ணில் படும் ஒவ்வொரு அமைப்பும் எதற்காக இருக்கிறது என்பது தானாக விளங்கும். இந்தக் கட்டுரையும் தண்ணீரின் பின்னால்தான் போகிறது.

உயரமும் அளவும்

நீர்மின்சாரத்தின் கணக்கில் முக்கியமானவை இரண்டே: தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது, ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் மின்திறனின் அளவுகோல். உயரம் என்றதும் சுவரின் உயரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஏரியின் நீர்மட்டத்துக்கும், அணைக்குக் கீழே ஆறு ஓடும் மட்டத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசமே இங்கே கணக்கில் வரும் உயரம். ஹூவர் அணையில் ஏரி நிரம்பியிருந்தால் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 590 அடி. ஏரி வற்ற வற்ற இதுவும் குறைந்துகொண்டே வரும்.

இதைக் கையால் தொட்டுப் பார்ப்பதுபோல் உணர, சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்வோம். அந்த லாரியில் உள்ள தண்ணீர் முழுவதும் 150 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியாக இறங்கி, நல்ல நிலையில் உள்ள ஒரு டர்பைனை, அதாவது ஜெனரேட்டரை ஓட்டும் நீர்ச்சக்கரத்தை, சுழற்றினால், கிடைக்கும் மின்சாரம் நான்கரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான். ஒரு லாரித் தண்ணீருக்கு இவ்வளவுதானா என்று தோன்றுவது இயல்பு. ஹூவரில் உள்ள பெரிய ஜெனரேட்டர் ஒன்றின் திறன் 130 மெகாவாட். அதை முழு வேகத்தில் ஓட்ட இந்த உயரத்தில் வினாடிக்கு எட்டு லாரித் தண்ணீர், அதாவது ஏறத்தாழ 3,500 கன அடி வேண்டும். அணையில் இப்படிப் பெரிதும் சிறிதுமாக 17 ஜெனரேட்டர்கள் உள்ளன. மொத்தத் திறன் ஏறத்தாழ 2,080 மெகாவாட். அவ்வளவு பெரிய ஏரி எதற்கு என்ற கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

உயரம் கூடினால் தண்ணீரின் தேவை குறையும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கேரளத்தின் இடுக்கியில் தேங்கும் தண்ணீர் மலைக்குள் குடைந்த பாதை வழியாக 600 மீட்டருக்கும் மேல் இறங்கி, மூலமற்றத்தில் பூமிக்கடியில் அமைந்துள்ள மின்நிலையத்தை அடைகிறது. அங்கே அதே லாரித் தண்ணீர் நான்கு மடங்குக்கும் மேல் மின்சாரம் தரும். ஆனால் குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே நிற்கும் இடுக்கி வளைவு அணையைச் சுற்றிப் பார்க்கிறவர், மின்சாரம் தொடர்பான ஒன்றையும் அங்கே பார்க்க முடியாது. எல்லாம் மலைக்கு அப்பால் இருக்கிறது. ஹூவரில் ஏரி, சுவர், குழாய், ஜெனரேட்டர், மின்கம்பி ஆகிய ஐந்தும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. முதன்முதலாக நீர்மின்சாரத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு ஹூவரை நான் பரிந்துரைப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஏரிப் பக்கம்

சுவரின் உச்சியில் நின்று முதலில் ஏரிப் பக்கம் திரும்புங்கள். மீட் ஏரி நிரம்பினால் கொள்ளளவு 1,100 டிஎம்சிக்கு மேல். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதை நினைத்துக்கொண்டால், பன்னிரண்டு மேட்டூருக்குக் குறையாத தண்ணீர் இந்த ஒரே சுவரின் பின்னால் நிற்க முடியும். இந்த இரண்டு அணைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை: மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது; ஹூவர் அணையை 1935 செப்டம்பர் 30 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் திறந்து வைத்தார்.

நீர்மட்டத்தைப் பற்றி ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. மேட்டூருக்கு 120 அடி, முல்லைப் பெரியாறுக்கு 142 அடி என்று செய்திகளில் கேட்டுப் பழகிய நமக்கு, மீட் ஏரியின் மட்டம் 1,060 அடி என்றால் திகைப்பாக இருக்கும். அணையின் உயரமே 726 அடி என்னும்போது தண்ணீர் எப்படி 1,060 அடி நிற்கும் என்று தோன்றும். அங்கே சொல்லப்படுவது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். முழுக் கொள்ளளவில் ஏரியின் மட்டம் 1,229 அடி. அணைக்குக் கீழே ஆற்றின் மட்டம் ஏறத்தாழ 640 அடி. போவதற்கு முன் அன்றைய ஏரி மட்டத்தை இணையத்தில் பார்த்து, அதிலிருந்து 640-ஐக் கழித்துவிட்டால், நீங்கள் பார்க்கப் போகும் நாளில் டர்பைன்களுக்குக் கிடைக்கும் உயரம் ஏறத்தாழக் கையில் வந்துவிடும்.

ஏரிக்குள்ளிருந்து நான்கு கான்கிரீட் கோபுரங்கள் எழும்பி நிற்பதைக் காணலாம். பாலம் போட்டு அணையோடு இணைத்திருப்பதால் பலர் அவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். மின்நிலையத்துக்குப் போகும் தண்ணீர் முழுவதும் உள்ளே நுழையும் வாசல்கள் அவைதான். ஒவ்வொன்றும் 395 அடி உயரம். வெளியே தெரிவது அதில் ஒரு பகுதி மட்டுமே, மீதி தண்ணீருக்குள் இருக்கிறது. மரக்கட்டையும் குப்பையும் உள்ளே போகாமல் தடுக்கும் இரும்புக் கம்பித் தடுப்புகளும், தேவைப்பட்டால் வழியை அடைக்கும் கதவுகளும் கோபுரங்களுக்குள் உள்ளன. ஏரியின் மேற்பரப்பில் வெயில் பட்டுச் சூடான தண்ணீர் இவற்றுக்குள் போவதில்லை. ஆழத்தில் உள்ள குளிர்ந்த தண்ணீர்தான் போகிறது. அதனாலும், வண்டலெல்லாம் ஏரியிலேயே படிந்துவிடுவதாலும், அணைக்குக் கீழே ஆறு பாலைவனத்துக்குப் பொருந்தாத குளிர்ச்சியோடும் தெளிந்த பச்சை நிறத்தோடும் ஓடுகிறது. அணை கட்டுவதற்கு முன் அதே ஆறு செம்மண் கலங்கலாக ஓடியது.

நெவாடா பக்கக் கோபுரம் ஒன்றிலும் அரிசோனா பக்கக் கோபுரம் ஒன்றிலும் கடிகாரங்கள் உள்ளன. இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பதால் குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கும். கோடைக்காலத்தில் நெவாடா கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும், அரிசோனா வைக்காது. ஆகவே அப்போது இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும். முன்பதிவு செய்துகொண்டு அரிசோனா பக்கம் வண்டியை நிறுத்துகிறவர்கள் தங்கள் கைபேசி எந்த மாநிலத்து நேரத்தைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சுவர்

சுவரின் உச்சி 45 அடி அகலம். ஒரு சாலை தாராளமாகப் போகிறது. அடிப்பகுதியின் தடிமனோ 660 அடி. மேலே மெலிந்தும் கீழே பருத்தும் இருப்பதற்குக் காரணம் தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்து ஏறுவது. ஏரி எத்தனை மைல் நீளம் என்பது சுவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பத்தடி நீளக் குட்டையானாலும் நூறு மைல் நீள ஏரியானாலும், ஆழம் ஒன்றாக இருந்தால் சுவரின் மேல் விழும் அழுத்தமும் ஒன்றுதான். ஹூவரின் அடிப்பகுதியில் அது ஒரு சதுர அடிக்கு 45,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 20 டன், வரக்கூடும். இந்தச் சுமையை அணை இரண்டு வகையில் தாங்குகிறது. ஒன்று, தன் எடையால் நகராமல் உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, ஏரிப் பக்கம் குவிந்து வளைந்திருப்பதால், தள்ளும் விசையில் ஒரு பங்கை இரு பக்கப் பாறைகளின் மேல் சாய்த்துவிடுவது. உச்சியின் நடுவில் நின்று இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தால் அந்த வளைவு தெளிவாகத் தெரியும்.

கான்கிரீட் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். வீட்டுக் கூரைக்கு ஊற்றும் அளவில் அது பொருட்படுத்தத் தக்கதில்லை. 32 லட்சம் கன கெஜத்துக்கும் மேல் ஊற்றும் இடத்தில் அதுவே பெரும் சிக்கல். ஒரே பாளமாக ஊற்றியிருந்தால் தானாகக் குளிர நூறாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்றும், அதற்குள் வெடிப்புகள் விட்டிருக்கும் என்றும் பொறியாளர்கள் கணித்தார்கள். அதனால் அணையைத் தனித்தனித் தூண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஐந்தடி ஐந்தடியாக உயர்த்தினார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஓரங்குல இரும்புக் குழாய்களைப் பதித்து அவற்றில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள்; அவற்றின் மொத்த நீளம் 582 மைல். கான்கிரீட் குளிர்ந்து சுருங்கிய பிறகு, தூண்களுக்கு இடையில் விழுந்த சந்துகளையும் அந்தக் குழாய்களையும் சிமெண்டுப் பாலால் அடைத்துவிட்டார்கள். முதல் கான்கிரீட் 1933 ஜூனில் ஊற்றப்பட்டது. 1935 மே மாதத்துக்குள் அணையின் வேலை முடிந்துவிட்டது.

கட்டுமானத்தில் இறந்த தொழிலாளர்களின் உடல்கள் சுவருக்குள் புதைந்திருக்கின்றன என்ற கதையை அங்கே யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். பணியிடத்தில் நேர்ந்த இறப்புகள் அதிகாரப்பூர்வக் கணக்கில் 96. அது மறுக்க முடியாத துயரம். ஆனால் ஒவ்வொரு தொட்டிக் கான்கிரீட்டும் தூணின் மட்டத்தைச் சில அங்குலம்தான் உயர்த்தியது; ஆள் உள்ளே மூழ்கி மறைந்துபோகும் வாய்ப்பே அந்த முறையில் இல்லை. தவிர, உடல் ஒன்று உள்ளே கிடந்தால் அந்த இடம் அணைக்கே பலவீனம். பொறியாளர்கள் அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

பாறைக்குள் இறங்குதல்

இனி டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சுற்றுலா வகைகள் சில உண்டு. காட்சியகத்தை மட்டும் பார்ப்பது ஒன்று; மின்நிலையத்துக்குள் அழைத்துப் போவது இன்னொன்று; அதோடு சேர்த்து அணையின் உள்ளே உள்ள ஆய்வுச் சுரங்கங்களிலும் நடக்கவிடுவது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு இடங்கள் குறைவு, அன்றைக்கே நேரில் போய் வாங்க வேண்டியிருக்கும், காலையில் சீக்கிரம் போகிறவர்களுக்கே கிடைக்கும். குறுகிய பாதைகளும் படிகளும் இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும், அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் அது ஏற்றதன்று. அவர்களுக்கு மின்நிலையச் சுற்றுலாவே போதும், கட்டுரையின் நோக்கத்துக்கும் அதுவே முக்கியம். விமான நிலையத்தில் நடப்பதுபோன்ற பரிசோதனை உண்டு. பெரிய பைகளை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

மின்தூக்கி 500 அடிக்கும் மேல் இறங்குகிறது. வெளியே வந்தால் பாறையைக் குடைந்த ஒரு சுரங்கப்பாதை. வெளியே கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்திக்கொண்டிருந்தாலும் இங்கே இதமாக இருக்கும். பாதையின் முடிவில் ஒரு மேடை. அதன் கீழே, இன்னும் பெரிய ஒரு சுரங்கத்துக்குள், 30 அடி விட்டமுள்ள இரும்புக் குழாய் ஒன்று கிடக்கிறது. பென்ஸ்டாக் என்று மின்வாரியத்தார் சொல்வது இதைத்தான். கோபுர வாசலில் நுழைந்த தண்ணீர் இந்தக் குழாயில் இறங்கிப் பிறகு 13 அடி விட்டமுள்ள கிளைக் குழாய்களில் பிரிந்து ஒவ்வொரு டர்பைனுக்கும் போகிறது. மேடையில் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நின்றால், கால் வழியாக ஒரு மெல்லிய அதிர்வு ஏறுவதை உணரலாம். உங்கள் காலுக்கடியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அணை முழுவதிலும் இந்த மேடைதான் எனக்குப் பிடித்த இடம். ஏனென்றால் வேறெங்கும் தண்ணீரின் ஓட்டத்தை இவ்வளவு நெருங்க முடியாது.

இந்தக் குழாய்கள் ரயிலில் ஏற்றிக் கொண்டுவர முடியாத அளவுக்குப் பெரியவை என்பதால், அணைக்கு அருகிலேயே ஒரு தொழிற்சாலை அமைத்து இரும்புத் தகடுகளை வளைத்துச் செய்தார்கள். தகட்டின் தடிமன் சில இடங்களில் இரண்டே முக்கால் அங்குலம். குழாய் கிடக்கும் பெரிய சுரங்கத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. ஆற்றின் நடுவில் அணை கட்ட வேண்டுமானால் முதலில் ஆற்றை வேறு வழியில் அனுப்ப வேண்டும். அதற்காக இரு பக்கப் பாறைகளிலும் பக்கத்துக்கு இரண்டாக, 56 அடி விட்டத்தில் நான்கு சுரங்கங்களைக் குடைந்தார்கள். 1932 நவம்பரில் கொலராடோ ஆறு தன் படுகையை விட்டு அவற்றுக்குள் திரும்பியது. அணை எழும்பிய பிறகு அந்தச் சுரங்கங்களை வீணாக்காமல், உள்பக்கம் உள்ள இரண்டில் பென்ஸ்டாக் குழாய்களை வைத்தார்கள். வெளிப்பக்கம் உள்ள இரண்டை உபரிநீர் வெளியேறும் பாதையோடு இணைத்தார்கள்.

ஜெனரேட்டர் கூடம்

அடுத்து நீங்கள் நிற்பது நெவாடா பக்க மின்நிலையத்தின் மாடத்தில். அணையின் அடிவாரத்தில் குதிரை லாடத்தின் வடிவில் அமைந்த கட்டடத்தின் ஒரு கை இது. எதிர்க்கரையில் அரிசோனா பக்கக் கை. ஒவ்வொன்றும் 650 அடி நீளம். நெவாடாவில் எட்டு, அரிசோனாவில் ஒன்பது என ஜெனரேட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. தரையில் வட்ட வட்டமாக எழும்பி நிற்கும் அந்தப் பெரிய உருளைகளைப் பார்த்துவிட்டு, டர்பைன் இதுதான் என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது ஜெனரேட்டரின் மேல்பகுதி மட்டுமே. டர்பைன் பல அடி கீழே, தண்ணீர் வரும் மட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் செங்குத்தான ஓர் இரும்புத் தண்டு இணைக்கிறது. தண்ணீர் நத்தை ஓடு வடிவிலான உறைக்குள் சுற்றி வந்து, நடுவிலுள்ள சக்கரத்தின் வளைந்த தகடுகளைத் தள்ளிச் சுழற்றிவிட்டு, வேகம் தணிந்து கீழ்வழியாக ஆற்றுக்குப் போய்விடும். சக்கரத்தோடு தண்டும், தண்டோடு மேலே உள்ள மின்காந்தங்களும் சுழலும். அந்தக் காந்தங்களைச் சூழ்ந்திருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் உண்டாகும். அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் செலவாவதில்லை, அழுக்காவதுமில்லை. அதன் உயரம் மட்டுமே செலவாகிறது.

மாடத்தில் நிற்கும்போது பலருக்கு எழும் கேள்வி: மின்சாரம் அதிகம் வேண்டுமென்றால் இன்னும் வேகமாகச் சுற்றவிடுவார்களா? மாட்டார்கள். அமெரிக்காவில் மின்னோட்டம் வினாடிக்கு 60 முறை திசை மாறிச் சுழல வேண்டும். ஹூவரின் பெரிய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 180 சுற்று, அதாவது வினாடிக்கு மூன்று சுற்று. சுழலும் பகுதியில் வடக்கும் தெற்குமாக 20 ஜோடிக் காந்த முனைகள் இருப்பதால் மூன்றை இருபதால் பெருக்கி 60 வந்துவிடுகிறது. வேகம் சற்றே மாறினாலும் கணக்குப் பிசகும். மின்கட்டமைப்பில் இணைந்துள்ள மற்ற எல்லா மின்நிலையங்களோடும் ஒத்துப்போகாது. ஆகவே வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, டர்பைனைச் சுற்றியுள்ள தகடுகளைத் திறந்து தண்ணீரின் அளவைக் கூட்டுகிறார்கள். தேவை ஏறும்போது மின்கட்டமைப்பு தண்டை இறுக்கிப் பிடிப்பதுபோல் இழுக்கும். கூடுதல் தண்ணீர் அந்த இழுப்பை எதிர்த்துத் தள்ளி வேகத்தைக் காக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு பாதிச் சுமையில் ஓடும் இயந்திரத்துக்கும் முழுச் சுமையில் ஓடும் இயந்திரத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

நெவாடா பக்கத்து எட்டு ஜெனரேட்டர்களும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிலக்கரி மின்நிலையத்தைச் சூடாக்கி ஓட வைக்கப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் இயந்திரத்தைச் சில நிமிடங்களில் ஓட வைக்கலாம், நிறுத்தலாம். அதனால் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்காகத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வது வழக்கம்.

தரையையும் கொஞ்சம் கவனியுங்கள். தென்மேற்குப் பகுதியின் பழங்குடி மக்களின் கூடை, மட்பாண்ட வடிவங்களைக் கொண்டு ஆலன் ட்ரூ என்ற ஓவியர் வகுத்த கோலங்கள் அந்தப் பளபளப்பான தரையில் பதிக்கப்பட்டுள்ளன. இயந்திரக் கூடத்தின் தரைக்கு இவ்வளவு அக்கறையா என்று வியக்க வைக்கும் வேலை அது.

வெளியேறும் மின்சாரம், வெளியேறும் தண்ணீர்

ஜெனரேட்டரில் உண்டாகும் மின்சாரம் 16,500 வோல்ட். இதை அப்படியே நூற்றுக்கணக்கான மைல் அனுப்பினால் கம்பியின் சூட்டிலேயே பெரும் பங்கு வீணாகும். வோல்ட்டை உயர்த்தினால் அதே திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், இழப்பும் குறையும். அதற்கான மின்மாற்றிகள் மின்நிலையக் கட்டடத்துக்கு வெளியே, ஆற்றோரமாக நிற்பதை மேலிருந்து பார்க்கலாம். அங்கிருந்து கம்பிகள் செங்குத்தான பாறைச் சுவரின் உச்சிக்கு ஏற வேண்டும். நேராக நிற்கும் கோபுரத்தில் கட்டினால் கம்பி பாறையில் உரசும் என்பதால், விளிம்பில் உள்ள மின்கோபுரங்களைப் பள்ளத்தாக்கின் பக்கம் சாய்த்தே நட்டிருக்கிறார்கள். விழப் போவதுபோல் சாய்ந்து நிற்கும் அந்த இரும்புக் கோபுரங்களைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

லாஸ் வேகாஸின் விளக்குகளெல்லாம் இந்த அணையால்தான் எரிகின்றன என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் பாதிக்கு மேல் கலிபோர்னியாவுக்குப் போகிறது; அதிலும் பெரும் பங்கு, கொலராடோ ஆற்றுத் தண்ணீரை மலைகளுக்கு மேல் ஏற்றித் தென் கலிபோர்னிய நகரங்களுக்குக் கொண்டுபோகும் பம்புகளை ஓட்டுகிறது. 1936 அக்டோபரில் ஹூவரின் மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத்தான். அணைக்கான கடனை இந்த மின்சாரத்தின் விற்பனையே வட்டியோடு 1987-க்குள் அடைத்துவிட்டது.

அப்படியானால் மின்சாரத்துக்காகத்தான் அணை கட்டினார்களா? 1928-இல் இயற்றப்பட்ட சட்டம் வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: முதலில் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தி ஆற்றை ஒழுங்குபடுத்துவது, அடுத்துப் பாசனமும் குடிநீரும், கடைசியில் மின்சாரம். கீழே உள்ள வயல்களும் நகரங்களும் மெக்சிகோவும் கேட்கும் தண்ணீர்தான் திறக்கப்படுகிறது. போகிற போக்கில் அது டர்பைனைச் சுழற்றிவிட்டுப் போகிறது. குறுவைக்குத் தண்ணீர் திறந்தால் மேட்டூரில் மின்உற்பத்தி கூடுவதைக் கண்டிருப்பவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

திறந்துவிட முடியாத அளவுக்கு வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு விடை அணையின் இரு பக்கமும் உள்ள உபரிநீர்ப் போக்கிகள். கரையோரமாகப் பெரிய கான்கிரீட் வாய்க்கால் போல் தெரியும் இவை ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 லட்சம் கன அடியை வெளியேற்ற வல்லவை. அணையின் ஆயுளில் இவற்றில் தண்ணீர் ஓடியது இரண்டே முறை: 1941-இல் சோதனைக்காகவும், 1983-இல் உண்மையான வெள்ளத்திலும். 1941 சோதனையின்போது அரிசோனா பக்கச் சுரங்கத்தின் வளைவில் தண்ணீரின் வேகத்தில் உண்டான நுண்குமிழிகள் வெடித்து வெடித்தே கான்கிரீட்டை அரித்து 45 அடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டன. வேகமாக ஓடும் தண்ணீருக்கு அவ்வளவு பலம் உண்டு.

இப்போது நிலைமை நேர்மாறு. ஏரியைச் சுற்றியுள்ள பாறைகளில் அடர்த்தியான வெள்ளைப் பட்டை ஒன்று தெரியும். ஒருகாலத்தில் தண்ணீர் நின்ற உயரம் வரை படிந்த தாது உப்புகள் அவை. 2022 ஜூலையில் ஏரியின் மட்டம் ஏறத்தாழ 1,040 அடிக்கு இறங்கியது. 1937-இல் ஏரி முதன்முதலாக நிரம்பி வந்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. நீண்ட வறட்சியும், ஆற்றில் வருவதைவிட அதிகமாகப் பங்கு பிரித்துவிட்டதும் காரணங்கள். மேலே சொன்ன கழித்தல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஏரி நிரம்பியிருக்கும்போது 590 அடி இறங்கும் ஒரு லாரித் தண்ணீர் ஐந்து யூனிட்டுக்கு மேல் தரும்; 400 அடி மட்டுமே இறங்கினால் மூன்றரை யூனிட்டைத்தான் தாண்டும். அழுத்தம் குறைவதால் வினாடிக்கு உள்ளே போகும் தண்ணீரும் குறைகிறது. ஆகவே நட்டம் இரட்டிப்பாகிறது. இதைச் சமாளிக்கவே, தாழ்ந்த மட்டத்திலும் இயங்கக்கூடிய ஐந்து புதிய டர்பைன்களைப் பொருத்தினார்கள். மட்டம் 950 அடிக்குக் கீழே போனால் அவையும் ஓடா. 895 அடிக்குக் கீழே போனால் அணையைக் கடந்து தண்ணீரே போக முடியாது.

நேரம் ஒதுக்கும்போது பாலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அணையின் மேல் ஓடிய நெடுஞ்சாலைக்கு மாற்றாக 2010-இல் திறக்கப்பட்ட வளைவுப் பாலம் அணைக்குக் கீழ்ப்புறம், ஆற்றிலிருந்து ஏறத்தாழ 900 அடி உயரத்தில் நிற்கிறது. காரில் போகிறவர்களுக்குப் பக்கச் சுவர் மறைத்துவிடும். நடைபாதையில் ஏறி நடந்தால்தான் அணையின் முழு முகமும், லாட வடிவ மின்நிலையமும், சாய்ந்த கோபுரங்களும் ஒன்றாகத் தெரியும். மின்நிலையத்துக்குள் போய்வந்த பிறகு இங்கே ஏறுவதே என் யோசனை. கீழே எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று அப்போது விரல் நீட்டிக் காட்ட முடியும். கோடையில் போனால் இந்த நடையைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், அப்போது பாலத்தை முதலில் வைத்துக்கொள்ளத்தான் நேரும். நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீரும் நாமே கொண்டுபோனால்தான் உண்டு.